14 ஏக்கர் காணிக்கு முதல் ஏரிவி (ATV, நான்கு சில்லு வண்டி): பனி, விறகு, மருந்து தெளிப்பு. எதை வாங்கலாம்?

வடலி:
வணக்கம். ஒன்ராறியோவில் கிறே கவுண்டியில் 14 ஏக்கர் காணி. றோட்டிலிருந்து வீடு வரை 220 மீற்றர் கிறவல் பாதை, நடுவில் 40 மீற்றர் அளவுக்கு ஓர் ஏற்றம். பின்னால் 6 ஏக்கர் மேப்பிள், ஆஷ் காடு. அதிலிருந்து வருடத்துக்கு 3 புஷ் கோர்ட் விறகு வீட்டுக்கு வரவேண்டும். முன்னால் 1 ஏக்கர் மரக்கறித் தோட்டமும் 40 ஆப்பிள் மரமும். உழவு இயந்திரம் இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை.

வரி, பிளவ் (பனி தள்ளும் தகடு), விஞ்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி), ரெயிலர் எல்லாம் சேர்த்து 15,000 டொலருக்குள் முடிக்க வேண்டும். பார்த்து வைத்திருப்பவை ஹொண்டா ராஞ்சர் 420, யமஹா கோடியாக் 450, கான்-ஆம் அவுட்லாண்டர் 500. பாவித்ததென்றாலும் சரி. விற்பனையாளர் சீசீ கூடியதை எடுக்கச் சொல்கிறார். வேலைக்கு உண்மையில் அதுதான் முக்கியமா?

கிறே_காற்று:
தம்பி, சீசீயை ஒரு பக்கம் வையுங்கோ. உங்கட வேலையில் ஆகப் பாரமானது விறகு. அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கோ.

சுகர் மேப்பிள் ஒரு புஷ் கோர்ட், அதாவது 128 கன அடி, பச்சையாக ஏறத்தாழ 4,700 இறாத்தல் வரும். காய்ந்தால் 3,700. ஒரு ஃபேஸ் கோர்ட் அதில் மூன்றில் ஒன்று: பச்சையாக 1,550, காய்ந்தது 1,230.

இப்ப இழுவை எல்லையைப் பாருங்கோ. ராஞ்சர் 848 இறாத்தல். கோடியாக் 450 க்கு 1,322. புது உடலமைப்பில் வரும் அவுட்லாண்டர் 500 க்கு 1,830. இது ரெயிலரும் சேர்ந்த நிறை. ரெயிலர் மட்டும் 250 இறாத்தல் என்று வையுங்கோ. ராஞ்சருக்கு மிஞ்சுவது 600, காய்ந்த விறகில் அரை ஃபேஸ் கோர்ட்கூட முழுதாக இல்லை. கோடியாக்குக்கு 1,070. அவுட்லாண்டருக்கு 1,580, பச்சை ஃபேஸ் கோர்ட் ஒன்று மட்டுமட்டாக அடங்கும்.

3 கோர்ட் பச்சை விறகென்றால் 14,100 இறாத்தல். ராஞ்சரில் 24 தரம், கோடியாக்கில் 14, அவுட்லாண்டரில் 9. ராஞ்சரும் கோடியாக்கும் எஞ்சினில் ஒரே அளவு, 420 சீசீ ஒன்று, 421 சீசீ மற்றது. சீசீ பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

காசில்லாத ஒரு வழியும் இருக்கு. வெட்டின இடத்திலேயே பிளந்து அடுக்கி ஒரு கோடை காயவிட்டு இழுங்கோ. கோர்ட்டுக்கு 1,000 இறாத்தல் தண்ணீர் காட்டிலேயே நின்றுவிடும்.

பெல்ற்_பெட்டி:
எண்கள் சரி. ஆனால் அந்த எல்லை சமதரைக்குத்தான். கோடியாக் எரிபொருளோடு 650 இறாத்தல் அளவில் நிற்கிறது. பிறேக் இல்லாத 1,300 இறாத்தல் ரெயிலர் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது, வண்டியின் நிறை அதில் பாதிதான். வளைவில் மடிந்து திரும்பிவிடும். இறக்கத்தில் எல்லையில் பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. இறங்கத் தொடங்கும் முன்பே லோ கியர், நான்கு சில்லும் இணைப்பில். பாதி வழியில் கியர் மாற்ற முயலக்கூடாது.

அடுத்தது, எஞ்சின் சக்தியைச் சில்லுக்குக் கடத்துவது கியரா றப்பர் பெல்ற்றா என்பது. ராஞ்சரில் பெல்ற் இல்லை, பல்சக்கர கியர். எஞ்சின் நீளவாட்டில் இருப்பதால் சக்தி நேராகத் தண்டுக்குப் போகிறது. தேயும் சாமான் குறைவு. கோடியாக்கும் அவுட்லாண்டரும் பெல்ற். பெல்ற்றை எரிப்பது வண்டியின் குற்றமில்லை, ஹை கியரில் பாரம் இழுப்பவரின் வேலை அது. ஹையில் மெதுவாக நகர்த்தும்போது புல்லி பெல்ற்றை முழுதாக இறுக்கிப் பிடிக்காது. ஒரே இடத்தில் வழுக்கி அந்த இடம் கண்ணாடிபோல் மினுங்கும், பிறகு குழியும். அதற்குப் பிறகு புறப்படும்போதெல்லாம் ஒரு உதறல். றப்பர் கருகும் மணம் வந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். யமஹாவில் எண்ணெய்க்குள் ஓடும் கிளச் தனியாக இருக்கிறது, பெல்ற் எப்போதும் இறுக்கத்திலேயே நிற்கும். அதனால் புறப்படும்போது வழுக்குவது மிகக் குறைவு, அதன் எஞ்சின் பிறேக்கிங்கும் ஒழுங்காக வேலை செய்யும்.

நீடித்த உழைப்பு மட்டும் கேள்வியென்றால் என் வாக்கு கியருக்கு.

தேன்மரம்:
பனி தள்ளுவதற்கு அந்த வாக்கு எதிராகப் போகிறது. ராஞ்சரில் ரிவேர்ஸ் எடுக்க முதலில் நியூட்ரலுக்கு வரவேண்டும். பிறகு இடது கையில் ரிவேர்ஸ் பொத்தானையும் பிறேக்கையும் சேர்த்து அமுக்கி, கியரைக் கீழே தட்ட வேண்டும். 220 மீற்றர் பாதை, வீட்டு முன்றல், வண்டி திருப்பும் இடம் என்று ஒரு பனிப்பொழிவுக்கு எத்தனை தரம் முன்பின் போகவேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். −20 இல் போடும் தடித்த சப்பாத்தோடு கால் கியர் இன்னும் சிரமம். பெல்ற் வண்டியில் ஒரு நெம்பு, முன்னே தள்ளினால் ஒன்று, இழுத்தால் மற்றது.

பிளவ் அகலத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். தகடு நேராக நிற்கும் அகலம் வேறு, 30 பாகை சரித்துத் தள்ளும்போது கிடைக்கும் அகலம் வேறு. 60 அங்குலத் தகடு சரித்தால் 52 அங்குலம்தான் துப்புரவாக்கும். 54 அங்குலம் 47 ஆகும். 50 அங்குலம் 43. வண்டியின் அகலமே 46, 48 அங்குலம். 50 வாங்கினால் உங்கள் சில்லே தள்ளாத பனியில் ஏறி ஓடும், அடுத்த நாள் அது பனிக்கட்டித் தடமாக இறுகிவிடும். வடலி, மூன்றில் எதை எடுத்தாலும் 60 வாங்குங்கள். ஈரப்பனியில் 400 சீசீ வண்டி திணறினால் முழுத் தகட்டையும் நிரப்பாமல் பாதி அகலம் எடுங்கள்.

கிறவலில் தகடு 1 அங்குலம் உயர்ந்து நிற்கும்படி அதன் அடியில் உள்ள சறுக்குக் காலணிகளைப் பொருத்த வேண்டும். முதல் இரண்டு பனியை அழுத்தி உறையவிடுங்கள், அது ஒரு தளமாகிவிடும். அதற்கு முன் சுரண்டினால் வசந்தத்தில் புல்லுக்குள் கல்லுப் பொறுக்க வேண்டும்.

முதல் பனியிலிருந்தே இரு பக்கமும் பாதையை விட 4, 5 அடி வெளியே தள்ளிவிடுங்கள். கிறே புறூஸ் பக்கம் ஹூரோன் ஏரியிலிருந்தும் ஜோர்ஜியன் குடாவிலிருந்தும் வரும் பனிப் பட்டை. ஜனவரியில் ஓரச்சுவர் உறைந்து நின்றால் ஏரிவியால் அதை அசைக்க முடியாது. பாதை கிழமைக்குக் கிழமை ஒடுங்கும்.

வடலி:
பிளவ் கணக்குக்கு நன்றி அக்கா. 54 தான் வாங்குவதாக இருந்தேன்.

அப்படியென்றால் ராஞ்சர் பட்டியலிலிருந்து விலகுகிறதா? ஹொண்டாவிலேயே ரூபிக்கன் 520 ஐப் பார்க்கலாமா?

கிறே_காற்று:
2020 இலிருந்து வரும் ஃபோர்மனும் ரூபிக்கனும் 518 சீசீ, இழுவை 1,322. விறகுக்குக் கோடியாக்கோடு சமம். தானாக மாறும் கியர் உள்ள ரூபிக்கன் என்றால் பெல்ற்றும் இல்லை, காலால் தட்டும் வேலையும் இல்லை. ஆனால் புதிதாக எடுத்தால் பிளவ்வுக்கும் ரெயிலருக்கும் காசு மிஞ்சாது. பட்டியல் விலைக்கு மேல் போக்குவரத்துக் கட்டணம், தயார்படுத்தும் கட்டணம், அதற்கும் மேல் 13% எச்.எஸ்.ரி (விற்பனை வரி). கடைக்காரரிடம் கதவுக்கு வெளியே வரும் முழுத்தொகையை எழுத்தில் வாங்குங்கோ. 15,000 இல் பிளவ், விஞ்ச், ரெயிலருக்கு 3,500 ஐ முதலே கழித்துவிட்டு மிச்சத்துக்கு வண்டி பாருங்கோ.

பின் அக்சிலையும் யோசிக்க வேணும். ராஞ்சர், ஃபோர்மன் சிலவற்றில் பின்னுக்கு ஒற்றைத் தண்டு அக்சில். பாரம் ஏற்றினாலும் ரெயிலர் கொளுக்கி தாழாது, பக்கச் சரிவில் உடம்பு சாய்வதும் குறைவு. கோடியாக், ரூபிக்கன், அவுட்லாண்டர் எல்லாம் சில்லுக்குச் சில்லு தனித் தொங்கல். காட்டுக்குள் மரக்குற்றிக்கு மேல் ஏறி இறங்க இது நல்லது, முதுகுக்கும் நல்லது. ஆனால் பாரம் ஏற பின்பக்கம் அமரும், தேய்வதற்கு மூட்டுகளும் றப்பர் உறைகளும் கூட. அந்தக் காட்டில் குற்றி நிறைய இருந்தால் தனித் தொங்கலை எடுங்கோ.

பெல்ற்_பெட்டி:
விஞ்ச் பற்றி. வண்டி நிறையின் ஒன்றரை மடங்கு என்பது ஆகக் குறைந்த அளவு. இந்த வண்டிகளுக்கு 2,500 இறாத்தல் போதும் என்பார்கள், ஓட்டுபவரையும் கருவிகளையும் சேர்த்தால் 3,000 க்குக் குறையாமல் எடுப்பது நல்லது. பெட்டியில் எழுதிய வலு உருளையின் முதல் சுற்றுக்கு மட்டும். கயிறு முழுதும் சுற்றியிருக்கும்போது அதில் கணிசமான பங்கு போய்விடும்.

பிளவ் தூக்குவதற்குக் கம்பிக் கயிறு பாவிக்க வேண்டாம். ஒரே 1 அடி நீளம்தான் நாள் முழுதும் மடிந்து நிமிர்கிறது, அந்த இடத்தில் இழை இழையாக அறும். குறுகிய நைலோன் பட்டி ஒன்றைக் கொளுவுங்கள், அறுந்தால் மலிவாக மாற்றலாம். இன்னொன்று, முன்பு கம்பிக் கயிறு ஓடிய உருளை வழிகாட்டியில் அப்படியே செயற்கைக் கயிற்றைப் போட்டால் அதில் உள்ள பிசிர் கயிற்றை வெட்டிவிடும். வழுவழுப்பான அலுமினிய வழிகாட்டிக்கு மாற்றுங்கள்.

பற்றரிதான் பனிக்காலத்தில் முதலில் சாகும். வண்டி குறைந்த வேகத்தில் ஓடும்போது மின்பிறப்பாக்கி தருவது கொஞ்சம். அதில் விஞ்ச் 30 செக்கனுக்கு ஒரு தரம் தூக்குகிறது, கைப்பிடிச் சூடு, விளக்கு, மின் ஸ்டியரிங் எல்லாம் ஒரே நேரத்தில். 20 நிமிடம் பனி தள்ளிவிட்டு நிறுத்தினால் எடுத்த மின்சாரம் திரும்பி வந்திருக்காது. பற்றரிக்கு ஒரு சார்ஜர் வயரை நிரந்தரமாகப் பொருத்தி, நிறுத்தும்போதெல்லாம் செருகிவிடுங்கள்.

தேன்மரம்:
ரயர் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிவி ரயருக்கு 4, 5 பி.எஸ்.ஐ தான். காருக்கான அளவுமானி 10 க்குக் கீழ் நம்பத்தகாதது, 0 முதல் 15 வரை காட்டும் மானி தேவை. +20 இல் கராஜுக்குள் 5 பி.எஸ்.ஐ அடித்த ரயர், −20 இல் வெளியே நின்றால் 2.3 க்கு இறங்கிவிடும். சரிந்த தகடு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்தக் காற்றில் ரயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். வெளிக்குளிரில் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள எண்ணுக்கு அடியுங்கள்.

கிப்ஸ்லாண்ட்_கதிர்:
ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். அந்த 40 மீட்டர் ஏற்றத்தில் வண்டி கவிழ்வதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

இங்கே 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கு விற்கும் புதிய குவாட் பைக் ஒவ்வொன்றிலும் கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டகம் பொருத்தியிருக்க வேண்டும். பக்கவாட்டில் 28.81 டிகிரி வரை சாய்த்தாலும் இரண்டு சக்கரத்தில் நிற்கக் கூடாது என்பதும் விதி. இதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா, போலாரிஸ் இங்கே பண்ணை வேலைக்கான ஏடிவி விற்பதையே நிறுத்திவிட்டன. கனடாவில் இந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அதே சட்டகத்தை வாங்கி மாட்டலாம். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவு அது. கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஆளுக்கு ஓர் இடைவெளி விடும், அவ்வளவுதான். உயிர் பிழைக்க அந்த இடைவெளி போதும்.

பெரும்பாலும் கவிழ்வது மெதுவாகப் போகும்போது. ஏற்றத்தில் எஞ்சின் நின்று பின்னோக்கி உருளும்போது வண்டியைத் திருப்ப முயன்றால் கவிழும். சரிவின் குறுக்கே போகையில் மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலும் போதும். பின் தட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் இன்னும் சுலபமாகக் கவிழும்.

வடலி:
தொட்டி என்றதும் கேட்கிறேன். ஆப்பிள் மரங்களுக்கு மருந்தடிக்க 25 கலன் தொட்டி ஒன்றைப் பின் தட்டில் பூட்டலாம் என்றிருந்தேன்.

கிறே_காற்று:
வேண்டாம். 25 அமெரிக்கக் கலன் என்றால் 95 லீற்றர், தண்ணீர் மட்டும் 95 கிலோ. ராஞ்சரின் பின் தட்டு 60 கிலோ. கோடியாக்கின் பின் தட்டு 80. ரூபிக்கனுக்கு 85. தொட்டி, பம்பி, குழாய் நிறையும் சேரும். 15 கலன்கூட ராஞ்சரில் எல்லையைத் தாண்டும். பாதி காலியானதும் தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் அடித்து ஆட்டத் தொடங்கும். கதிர் சொன்ன சரிவில் அதோடு போகக்கூடாது.

25 கலன் வேணுமென்றால் சில்லில் இழுக்கும் தெளிப்பான் வாங்குங்கோ. நிறை தாழ்வாக இருக்கும், தட்டு காலியாக இருக்கும். பம்பிக்கு வயரைப் பற்றரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்டு இழுங்கோ. 12 வோல்ட் செருகியில் கொடுத்தால் சின்னப் பம்பிக்கே மட்டுமட்டு.

தேன்மரம்:
மரம் இழுப்பதிலும் இதே கவனம் வேண்டும். சங்கிலியைக் கொளுக்கியில்தான் கட்ட வேண்டும், பின் தட்டில் ஒருபோதும் கட்டக்கூடாது. உயரத்தில் கட்டினால் மரம் எதிலாவது சிக்கியதும் முன்சில்லு மேலே எழும்பும். மரத்தின் நுனி நிலத்தில் கொத்தாமல் இருக்க, அதைத் தூக்கிப் பிடிக்கும் இரு சில்லு வளைவு ஒன்று அல்லது நுனியில் மாட்டும் பிளாஸ்ரிக் கூம்பு போதும், இழுவை வெகுவாகக் குறையும்.

காட்டில் ஆஷ் இருக்கிறது என்றீர்கள். பச்சைத் துளைப்பான் வண்டு தின்று செத்த ஆஷ் என்றால் மேல் கிளைகள் சொல்லாமல் முறியும். அதன் கீழ் வண்டியை நிறுத்தி விஞ்ச்சில் இழுக்காதீர்கள். தூரத்தில் நின்று, ஒரு கப்பியை வேறு மரத்தில் கட்டித் திசைமாற்றி இழுங்கள்.

வடலி:
எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் பாவித்த கோடியாக் 450, மின் ஸ்டியரிங் உள்ளது, என்ற முடிவுக்கு வருகிறேன். இரண்டு வண்டி விளம்பரத்தில் இருக்கின்றன: 5 வருடம், 4,100 கிலோமீற்றர், 610 மணி, மற்றது 7 வருடம், 6,300 கிலோமீற்றர், 290 மணி. பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

பெல்ற்_பெட்டி:
முதலில் கிலோமீற்றரை மணியால் வகுத்துப் பாருங்கள். முதலாவது மணிக்கு 7 கிலோமீற்றர்: பனி தள்ளியது, அல்லது நின்றபடி ஓடியது. இரண்டாவது 22: பாதையில் ஓடியது. 610 மணி எஞ்சின் ஓடியிருக்கிறது என்பதை 4,100 என்ற சின்ன எண் மறைக்கிறது. கிலோமீற்றர் கூடினாலும் இரண்டாவதை முதலில் போய்ப் பார்ப்பேன்.

போகும் முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போனதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்ராட் ஆகாததை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். முன், பின் டிஃப்பரென்சல் (சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) எண்ணெயில் ஒரு குச்சி விட்டு எடுங்கள். பால் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது. காற்றுச் சல்லடையைக் கழற்றி, அதற்குப் பின்னால் எஞ்சின் பக்கத்தில் விரலால் துடையுங்கள். அங்கே மண் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சிலிண்டர் மண் தின்றிருக்கிறது, வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை.

முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மூட்டுத் தேய்வும் பெயரிங் தேய்வும் தெரியும். நான்கு பக்கத்து றப்பர் உறைகளையும் மடிப்பு விரித்துப் பாருங்கள். வயிற்றுத் தகட்டுக்கு மேல் சட்டத்தைக் கைவிளக்கில் பாருங்கள், பிளவ் பூட்டிய வண்டியென்றால் அந்த இடத்தில் வெடிப்பும் துருவும் வரும். கடைசியாக நான்கு சில்லு இணைப்பையும் டிஃப் லொக்கையும் (முன்சில்லு இரண்டையும் சேர்ந்து சுழலப் பூட்டுவது) போட்டு, மெதுவாக எட்டு வடிவில் ஓட்டுங்கள்.

வண்டிச் சட்டத்தில் அடித்த இலக்கமும் பதிவுப் பத்திரமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். அந்த இலக்கத்தை வைத்துக் கடன் நிலுவை இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடலாம். காசு கொடுக்க முன் செய்ய வேண்டியது.

தேன்மரம்:
சொந்தக் காணிக்குள் மட்டும் ஓடினால் இலக்கத்தகடும் காப்புறுதியும் கட்டாயமில்லை. பக்கத்துக் காணிக்கோ றோட்டுக்கோ போவதென்றால் இரண்டும் வேண்டும். றோட்டில் ஓட 16 வயதும் ஜி2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) சாரதி அனுமதியும் தலைக்கவசமும் வேண்டும். எந்த றோட்டில் ஓடலாம் என்பது நகரசபை விதியைப் பொறுத்தது. பாதை வாசலில் நகரசபை பிளவ் விட்டுப்போகும் பனி வரம்பை றோட்டுக்குக் குறுக்கே மற்றப் பக்கம் தள்ளுவதும் சட்டப்படி குற்றம். அதை உங்கள் பக்கத்துக்கே இழுத்து ஓரத்தில் ஒதுக்க வேண்டும்.

வடலி:
இரண்டாவது வண்டிக்குச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி மிச்சம்: பனிக்காலத்தில் எண்ணெய் பால் நிறமாவது எல்லா வண்டிக்கும் உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் அதை வைத்து வண்டியைத் தள்ளிவிடலாமா?

பெல்ற்_பெட்டி:
நல்ல கேள்வி. எஞ்சின் எண்ணெய் வேறு, டிஃப்பரென்சல் வேறு. பனிக்காலத்தில் 15 நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எஞ்சினுக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகி எண்ணெயில் கலக்கும். மூடியிலும் அளவுக் கம்பியின் மேல் நுனியிலும் மட்டும் வெண்மையாக இருந்து, கம்பியின் அடியில் எண்ணெய் தெளிவாக இருந்தால் அது குறுகிய ஓட்டத்தின் ஈரம். எண்ணெயை மாற்றி, ஒவ்வொரு தரமும் எஞ்சின் முழுச்சூடு வந்து 20 நிமிடமாவது ஓடவிட்டால் போய்விடும். அடிவரைக்கும் பால் நிறமாக இருந்து, குளிர்நீர்த் தொட்டியிலும் அளவு குறைந்திருந்தால் உள்ளே கசிவு, வாங்க வேண்டாம். டிஃப்பரென்சலில் வெண்மை கண்டால் ஒன்றில் ஆழத்தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள், அல்லது மூச்சுக்குழாய் கழன்றிருக்கிறது. அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கழன்றது மட்டும் என்றால் சீலும் எண்ணெயும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

வாங்கினால் முதல் வேலையாக மூன்று எண்ணெயையும் மாற்றுங்கள். கார் எண்ணெய் ஊற்றாதீர்கள். உள்ளே ஈரக் கிளச் இருப்பதால் ஜாசோ எம்ஏ முத்திரை உள்ளது வேண்டும். பெல்ற் பெட்டியைத் திறந்து, பெல்ற்றின் அகலத்தை அளந்து, கையேட்டில் உள்ள குறைந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எலிக்கூடு இருந்தால் அதையும் வாரி எடுத்து, காற்று உள்ளிழுக்கும் குழாய் வாயில் கம்பி வலை கட்டிவிடுங்கள்.